துக்க வீட்டில் மெரெங்கே

புருஷன் போய் நாலு மாதம்கூட ஆகாத வீட்டில் மெரெங்கே ஆட்டப் பாட்டுப் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பராவோனா கடற்கரையில் அப்படி வழக்கமே இல்லை. துக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையைக் கழற்றும்வரை ரேடியோவைத் தொடக்கூடாது. ஆனால் புருஷனைப் பறிகொடுத்த நெரெய்டா வீட்டிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணிக்கு, தெருவே வெயிலில் கண்ணயரும் நேரத்தில், மேளமும் அக்கார்டியனும் கனவில் கேட்பதுபோல மெல்ல மிதந்து வரும்.

பக்கத்து வீட்டு ஒதிலியாவுக்குப் பொறுக்கவில்லை.

"கேட்டீங்களா? ஆட்டம் ஆரம்பிச்சாச்சு!"

ஆடுநாற்காலியில் அரைத்தூக்கத்தில் இருந்த அவள் கணவன் எலாதியோ நெஞ்சை நீவிக்கொண்டான். "விடு. வாழைக்காய் வறுவல் நெஞ்சைக் கரிக்குது."

"எல்லாம் வாயு. ரெண்டாவது தட்டு கேட்டது யாராம்?"

அன்று செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரமாகவே போய், நெரெய்டா வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள் ஒதிலியா. நீலத் திரை கடற்காற்றில் மூச்சு விடுவதுபோல உப்பி உப்பித் தணிந்தது. அது விலகிய நொடியில் தெரிந்தது.

தரையில் ஓர் ஆண் சட்டை. அதன்மேல் குனிந்து, மண்டியிட்டு, வியர்க்க விறுவிறுக்கத் தாளத்தோடு அசைந்துகொண்டிருந்தாள் நெரெய்டா.

ஒதிலியா கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

"அக்கா! வெக்கமா இல்ல? யார் அந்த ஆளு?"

நெரெய்டா கையை எடுக்கவில்லை. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது..." அப்புறம்தான் நிமிர்ந்தாள். "அரிசி மூட்டைடி. அவரு சட்டையை மாட்டி விட்டிருக்கேன்."

ஒதிலியா சட்டையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே சாக்குதான்.

"இந்த இடத்துலதான் விழுந்தாரு. நெத்தியில ரம் தேய்ச்சேன், விசிறினேன், கத்தினேன். நெஞ்சை அமுக்கணும்னு ஒருத்தருக்கும் தெரியல. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம். அப்புறம்தான் நர்ஸம்மா கத்துக்கொடுத்தாங்க. நடு நெஞ்சுல, கையை மடக்காம, ஆழமா, வேகமா அமுக்கணும். அந்த வேகத்துக்கு இந்தப் பாட்டுதான் கச்சிதம்."

"அவருதான் போயிட்டாரேக்கா. இப்ப யாருக்காக இது?"

நெரெய்டா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வேலிக்கு அந்தப்புறம் ஆடுநாற்காலி தூக்கத்தில் அசைந்தது.

"உன் வீட்டுக்காரரு படியேறும்போது நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. என் வீட்டுக்காரரும் வாயுன்னுதான் சொன்னாரு. உன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவே. அதான் வாயை மூடிக்கிட்டு பழகிட்டிருக்கேன். நாலு மணிக்கு ஆஸ்பத்திரி திறந்ததும் முதல் ஆளா கூட்டிட்டுப் போ."

பாட்டு முடிந்துவிட்டது. திரை மட்டும் உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தது.

ஒதிலியா மெல்ல மண்டியிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தச் சட்டையின் நடுவில் வைத்தாள்.

"அக்கா, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடேன். கொஞ்சம் சத்தமா."