கஞ்சர்களோடு மலைக்கு

"மாடி வீட்டுக்காரங்களையும் கூப்பிடுவோம். காட்டேஜ் வாடகை பாதியாயிடும்" என்றாள் மனைவி.

கணவன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். "வருவாங்களா?"

"ஏன் வர மாட்டாங்க? பாவம், அந்த அக்கா எங்க போயிருக்காங்க, என்னத்தைப் பாத்திருக்காங்க? கடை விட்டா வீடு, வீடு விட்டா கடை. கூட்டிட்டுப் போனா நமக்கும் புண்ணியம்."

புண்ணியத்துக்குக் காரணம் இருந்தது. கணவன் வேலை பார்க்கும் அச்சகத்தில் சில மாதங்களாகப் பாதிச் சம்பளம்தான். அந்த விஷயம் வாசல்படி தாண்டாமல் அவள் பார்த்துக்கொண்டாள். மகளை மலைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்தது முழுச் சம்பளத்தில். காப்பாற்ற வேண்டியது பாதிச் சம்பளத்தில்.

மாடி வீட்டில் பெயின்ட் கடைக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான். விஷயத்தைச் சொன்னதும் இருவரும் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள்.

"போலாமே" என்றார் கடைக்காரர். "அங்க ரொம்பக் குளிருமோ?"

அவ்வளவுதான். ஸ்வெட்டருக்கு உள்ளே என்ன போடணும், வளைவில் வண்டி திரும்பும்போது ஏன் வெளியே பார்க்கக் கூடாது, காது அடைத்தால் என்ன செய்யணும் என்று அவள் விலாவாரியாகப் பாடம் எடுத்தாள். இருவரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

"டாக்ஸி பேசிடவா அக்கா?" பேச்சுக்குக் கேட்டுவிட்டு, உள்ளுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள்.

"டாக்ஸியா? எதுக்குக் காசைக் கரியாக்கணும்? கல்லு மாதிரி பஸ் இருக்கு."

"உங்க இஷ்டம்க்கா. எங்களுக்கு டாக்ஸின்னாலும் சரிதான்."

கீழே இறங்கி வந்ததும் கதவைச் சாத்தினாள். "பாத்தீங்களா? கடையில காசு கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. போறது பஸ்ஸுலயாம்!"

"நமக்கும் அதானே வசதி?"

"நம்ம வசதி வேற. அவங்க கஞ்சத்தனம் வேற."

மலையில் போய் இறங்கினால், கஞ்சத்தனம் குளிரோடு போட்டி போட்டது.

முதல் நாள் மத்தியானம் ரிசார்ட் உணவகத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவள் மிடுக்காக மெனு அட்டையை விரித்தாள். விலையைப் பார்த்ததும் மெல்ல மூடப் போனாள். அதற்குள் மாடி அக்கா அட்டையை எட்டிப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அடேயப்பா! இந்த விலைக்குச் சமையல்காரரையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம் போலிருக்கே! எந்திரிங்க, எந்திரிங்க. காட்டேஜ்ல அடுப்பு சும்மாத்தானே கிடக்கு? ரொட்டியும் முட்டையும் வாங்கிக்குவோம்."

பரிமாறுபவர் மாடி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். கிண்டல் சிரிப்பு என்றே இவளுக்குப் பட்டது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வெளியே வந்தாள்.

சாயங்காலம் மகள் குதிரைச் சவாரி கேட்டாள். கடைக்காரர் குதிரைக்காரரோடு மல்லுக்கு நின்றார்.

"இது குதிரையா, கழுதைக்குத் தம்பியா? பாதி விலைதான் தருவேன்."

குதிரைக்காரர் போகிறேன் என்றார். இவர் போ என்றார். கடைசியில் பாதி விலைக்கே படிந்தது. குழந்தை குதிரைமேல் உட்கார்ந்து ஏரியை இரண்டு சுற்று சுற்றி வந்தது. அது சிரித்த சிரிப்பு அக்கரை வரைக்கும் கேட்டது. அவளோ, இந்தக் கூட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல, தள்ளி நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்கு வந்ததும் வெடித்தாள். "போதும் சாமி! மானம் கப்பலேறுது. வெளியூர் வந்த இடத்துல கூட பர்ஸ் திறக்காதா? நாமளாவது இல்லாத கொடுமை. இதுங்களுக்கு என்ன கேடு?"

"மெதுவாப் பேசு" என்றான் கணவன்.

"கேக்கட்டுமே! அடுத்த வருஷம் கஞ்சப்பிசினாரிங்களைக் கூட்டிட்டு வந்தா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

மறுநாளும் அதே கதைதான். படகு வேண்டாம், கரையில் உட்கார்ந்து பார்த்தாலும் அதே தண்ணீர்தான். சாக்லேட் கடை வேண்டாம், பல் கெட்டுப்போகும். ஒவ்வொரு தடவையும் மாடி அக்காதான் முந்திக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் இவள், "நாங்க போலாம்னுதான் இருந்தோம், உங்களுக்காகத்தான்..." என்று இழுத்தாள். இழுக்க இழுக்க அவள் கௌரவம் ஒரு சாண் வளர்ந்தது. செலவு மட்டும் வளரவே இல்லை.

கிளம்புகிற அன்று காலை, காட்டேஜ் சாவியைக் கொடுக்க அவள் அலுவலகத்துக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மாடி அக்கா. மேனேஜரின் குரல் கேட்டது.

"லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான்மா வந்தேன். ரூம் பையன் சொன்னதும் என்னால நம்பவே முடியலை. வருஷா வருஷம் மேட்டுல இருக்கிற பெரிய காட்டேஜ்தானே எடுப்பீங்க? உங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். அதை வேண்டாம்னுட்டு, பின்னாடி சின்ன காட்டேஜ்ல ஒரு ரூம்ல தங்கியிருக்கீங்க. கார் கொண்டு வரலை. உணவகத்துல ஒரு வேளை கூட சாப்பிடலை. எங்க மேல ஏதாவது வருத்தமா?"

சாவியோடு அவள் அப்படியே நின்றாள்.

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கீழ் வீட்டுத் தம்பிக்கு இப்ப பாதிச் சம்பளம்னு அச்சகத்து ஆள் ஒருத்தர் எங்க கடையில சொன்னாரு. அந்தப் பொண்ணு அதை வெளிய காட்டிக்காம தவிக்குது. எல்லாத்துக்கும் நாங்க முந்திக்கிட்டு வேண்டாம்னுட்டா, அது வாயால சொல்ல வேண்டியதில்லை பாருங்க."

"ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு!"

"ஐயோ, மெதுவாப் பேசுங்க. அது காதுல விழுந்துடப் போகுது. அப்புறம் எங்களைக் கஞ்சம்னு நிம்மதியாத் திட்டக்கூட அதால முடியாது."