முதல் ஸ்டார்ட்

"அந்தப் பலகையக் குடுத்துட்டு மறுவேலை பாரு! ரொட்டி வெட்ட என்கிட்ட வேற பலகை இல்ல!"

ஸ்டான்கா முற்றத்தில் நின்று கத்தினாள். அவள் புருஷன் கமென் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. தடித்த ஓக் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரும்புச் சட்டத்தில் ஏற்றிவைத்திருந்த இன்ஜினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"முதல் ஸ்டார்ட்டுக்கு இது பக்கத்துல இருந்தே ஆகணும்" என்றான்.

"எதுக்கு, இன்ஜினுக்கு ரொட்டி வெட்டிப் போடப் போறியா?" ரக்கியா சாராயக் கோப்பையோடு வந்து நின்ற பக்கத்து வீட்டு போய்கோ சிரித்தான். ஓசி ரக்கியா என்றால் அவனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"காத்த உள்ள தள்ளுற டர்போ எண்ணெயக் கக்குச்சுன்னு வை, டீசல் இன்ஜின் அதையே குடிச்சுட்டு வெறி பிடிச்சு ஓடும். சாவிக்கெல்லாம் அடங்காது. காத்து போற வாயை இதால அடைச்சாத்தான் நிக்கும்" என்றான் கமென்.

அந்த இன்ஜின் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை இல்லை. பிளாக், பள்ளத்தில் உருண்ட ஒரு வேனுடையது. ஹெட், பழைய தபால் வண்டியில் கழற்றியது. பம்ப், கோழிப்பண்ணைக்காரர் தொலையட்டும் என்று கொடுத்தது. டர்போவை மட்டும் மகன் ஆசென், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காயலான் கடையில் பொறுக்கி வந்தான். அதன் தண்டு லேசாக ஆடியது. ஆனால் புதுசு வாங்க வக்கு ஏது?

ஆசெனுக்கு ஜெர்மனியில் பார்சல் வண்டி ஓட்டும் வேலை காத்திருந்தது. திங்கட்கிழமை சொந்த வேனோடு போய் நின்றால்தான் வேலை. இல்லாவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். வேனோ இன்ஜின் இல்லாமல் கொட்டகையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"போடா, போய்ப் பொழச்சுக்கோ. இங்க என்ன இருக்கு? டான்யூப் ஆத்துத் தண்ணியும் பூட்டின வீடுங்களும்தான்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் கமென். இரண்டு குளிர்காலம் கை விறைக்க விறைக்க நட்டு முடுக்கியவனும் அவனேதான். ஸ்டான்காதான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபோதெல்லாம் போகாதே போகாதே என்று அழுது தீர்த்தாள்.

ஆனாலும் செய்ய வேண்டிய முறையை அவள் விடவில்லை. செம்புக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, எல்லாம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓடட்டும் என்று இன்ஜினுக்கு முன்னால் தரையில் ஊற்றினாள். முந்திக்கொண்டு வந்த கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

ஆசென் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது.

"ஓடுதுப்பா! ஓடுது!"

கமென் சிரித்தான். மகனுடைய முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடவில்லை. சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆசென் சாவியை உருவினான், நிற்கவில்லை. டீசல் குழாயைப் பிடுங்கி எறிந்தான், அப்போதும் நிற்கவில்லை. நீலப்புகை முற்றத்தை மூடியது. கோழிகள் வேலி தாண்டி ஓடின. கமென், தன் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்த பீர் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, பலகை! பலகை எங்க?"

"இங்கதான்டா வெச்சேன்!" உட்கார்ந்தபடியே கத்தினான் கமென்.

போய்கோ கந்தல் துணியை இன்ஜின் வாயில் திணித்தான். அது ஒரே இழுப்பில் விழுங்கிவிட்டது. ஆசென் வெறுங்கையை நீட்டினான்.

"கைய வைக்காதடா! விரல் போயிடும்! போய்கோ, அவனப் புடி!" கமென் அலறினான்.

போய்கோ அவனை இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தான். அதற்கு மேல் செய்ய ஒன்றுமே இல்லை. இரண்டு வருஷப் பாடு கண்ணெதிரே தன்னைத்தானே தின்றுகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

மடார் என்று ஒரு சத்தம். பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. பிளாக்கின் விலாவில் ஒரு ஓட்டை. அதிலிருந்து கறுப்பு எண்ணெய், ஸ்டான்கா ஊற்றிய தண்ணீரில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆசென் மெதுவாக அம்மா பக்கம் திரும்பினான். "பலகையக் குடு, பலகையக் குடுன்னு காலையிலேருந்து நின்ன. நீதானே எடுத்த?"

ஸ்டான்கா, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு பெட்டி மேல் சுருண்டிருந்த புருஷனைப் பார்த்தாள்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்."

"நான் போகக்கூடாதுன்னு?"

"ஆமாண்டா."

"அப்பா ரெண்டு வருஷமா உசிரக் குடுத்தாரேம்மா! அவர் மூஞ்சியப் பாரு! இனிமே என்கிட்டப் பேசாத!"

காலியான செம்புக் குடத்தை ஓர் உதை விட்டுவிட்டு, வாசல் கதவு அதிர அவன் வெளியே போனான். போய்கோ கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவன் பின்னால் ஓடினான்.

புகை கலைந்தது. ஸ்டான்கா நசுங்கிய குடத்தை எடுத்துத் துடைத்தாள். கமெனின் எதிரே வந்து நின்றாள். அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அவன் தலையில் கையை வைத்திருந்தாள்.

"எந்திரி மனுஷா, உன் கோட்டுக்கு அடியில இருக்கற பலகையக் குடு. ரொட்டி வெட்டணும்."