ஒரு தீக்காயமாவது

"ஒரு தீக்காயத்தையாவது முதல்லேர்ந்து கடைசிவரைக்கும் நீயே பார்த்து எழுதிட்டு வா" என்று சொல்லித்தான் டாக்டர் செசிலியா, ஹன்னாவைப் பசுந்தாங் கோயில் தீமிதிக்கு அனுப்பினார். மருத்துவப் படிப்பில் சேரக் காத்திருக்கும் ஹன்னாவுக்குக் கிளினிக்கில் அது முதல் வாரம்.

செருப்பை வாசலில் விட்டுவிட்டு, களிம்பும் நோட்டுமாக, நெருப்பு முடியுமிடத்தில் இருந்த பால்குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உச்சி வெயில்.

போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கும் நல்லையா, நெருப்பைக் கடந்து முதல் ஆளாக வந்து பாலில் இறங்கினார்.

"அங்கிள், காலைக் காட்டுங்க. எரியுதா?"

"ஆத்தா இருக்கையில எப்படிம்மா எரியும்?"

அடுத்தவருக்கும் எரியவில்லை. அதற்கடுத்தவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஹன்னா கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, நாற்பத்திரண்டு பேரைக் கேட்டுவிட்டாள். ஒருவர் காலிலும் ஒரு கொப்புளம் இல்லை. அவளுக்குக் கண்ணீர் முட்டியது.

"கேஸ் கிடைக்கலைன்னா அழுவாங்களா?" என்றார், இன்னும் அங்கேயே நின்றிருந்த நல்லையா.

மாலையில் கிளினிக்குக்கு வந்த டாக்டர், மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஹன்னாவிடம் நோட்டை வாங்கிப் படித்தார்.

"இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். முதலுதவி: நல்லையா அங்கிள் தூக்கிப் பால்குழியில் நிறுத்தினார்."

"முதல்லேர்ந்து நீயே பார்த்தியா?"

"ஆமா டாக்டர்."

"நல்லா எழுதியிருக்கே. பேஷண்ட் பேரைத்தான் காணோம்."

ஹன்னா மேசைக்கடியிலிருந்து கட்டுப் போட்ட கால்கள் இரண்டையும் மெல்ல வெளியே நீட்டினாள்.

"அவங்க நடந்தது நெருப்புல, டாக்டர். நான் நின்னது சிமெண்டுத் தரையில."