கரி கால் நீட்டின சந்து

நரி வரும், காக்கா வரும்னுதானே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? வராது. இன்னைக்கு நாம ஒரு ஆணிக்குள்ள போறோம்.

உள்ள இரும்புத் துகளெல்லாம் வரிசை வரிசையா நெருக்கிக்கிட்டு நிக்குது. ஒரு வரிசை மட்டும் பாதியிலேயே நின்னுபோச்சு. அதுக்குப் பேரு அரைவரிசை. அது நின்னுபோன எடத்துக்குக் கீழ கொஞ்சம் சந்து. எங்கிருந்தோ வந்த கரித்துகள் ஒண்ணு அந்தச் சந்துல கால் நீட்டி உக்காந்திருந்துச்சு.

"அழுக்குப் பயலே, வெளிய போடா!"ன்னு இரும்புங்க தினமும் திட்டும். கரி காதுலயே வாங்காது.

ஒருநாள் சுத்தியல் இறங்குச்சு. ணங்!

அரைவரிசை அலறுச்சு. "ஐயோ, என்னைத் தள்ளுதே! நான் நகந்தா ஆணி வளைஞ்சிரும். வளைஞ்சா நாம எல்லாரும் பழைய இரும்புக் கடைக்குத்தான்!"

ணங்! ணங்! கீழ சந்துல கரி ஆப்பு மாதிரி அடைச்சுக்கிட்டு இருந்ததால அரைவரிசையால அசையவே முடியலை. ஆணி நேரா மரத்துக்குள்ள இறங்கிருச்சு.

"அப்பாடா!" எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. திட்டின வாயெல்லாம் இப்ப "கரியண்ணே, கரியண்ணே"ன்னுச்சு. அரைவரிசைக்குக் கண்ணே கலங்கிருச்சு. "உசுரைக் குடுத்துப் பிடிச்சீங்களேண்ணே!"

கரி தொண்டையைச் செருமிக்கிச்சு. "எல்லாம் உங்களுக்காகத்தான்பா. அந்த நேரம் நான் பட்ட பாடு இருக்கே..."

பக்கத்து வரிசை இரும்பு ஒண்ணுக்கு வாய் சும்மா இருக்கலை. "அட, இவரு எங்க பிடிச்சாரு? அடி விழுந்தப்பகூட குறட்டை விட்டுக்கிட்டுல்ல இருந்தாரு!"