கடைசியாகக் கிளம்பிய வண்டி

"கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போன புண்ணியவான் யாரு?"

க்ளெண்டா போட்ட சத்தத்தில் வாண்டிலா ஊரே மணல்மேட்டில் கூடிவிட்டது.

கூடி என்ன செய்ய? நாற்பது குடும்பங்கள் போன வருஷம் நட்ட ஆயிரம் யூகலிப்டஸ் கன்றுகளும் மொட்டைக் குச்சிகளாக நின்றன. முந்தின நாள்தான் எல்லாருமாகச் சேர்ந்து, கன்றுகளைச் சுற்றியிருந்த காப்புக் குழாய்களைக் கழற்றியிருந்தார்கள். விடிவதற்குள் பக்கத்து நிலத்துச் செம்மறி மொத்தமும் புகுந்து விருந்து சாப்பிட்டுவிட்டன. இனி காற்றடித்தால் மணல் மறுபடி சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும்.

"நேத்து கடைசியாக் கிளம்பினது யாரு?"

"நாங்கதான்க்கா" என்றாள் ரொவீனா. பிலிப்பைன்ஸிலிருந்து பன்றிப் பண்ணை வேலைக்கு வந்த குடும்பம் அது.

க்ளெண்டாதான் மரக்குழுத் தலைவி. புருஷன் ப்ரூஸ் வேறு நேற்றிலிருந்து நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். எல்லாம் சேர்ந்து வெடித்தது.

"வந்த அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! மூடியிருந்தா மூடிட்டுப் போ, தொறந்திருந்தா தொறந்தபடி விடு. கேட்டை எப்படிப் பாத்தியோ அப்படியே விடணும். இந்த ஊர்ல அது ஒண்ணுதான் சட்டம். அதுகூடவா மண்டையில ஏறல?"

ரொவீனாவின் கணவன் அர்னெல் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"மன்னிச்சிருங்கக்கா."

மன்னிப்பாவது! அதன்பின் கடையில், பள்ளிக்கூட வாசலில், யாரும் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"வா, வேற ஊர் பாத்துட்டுப் போயிரலாம்" என்றான் அர்னெல்.

"குச்சி துளிர்க்கட்டும். துளிர்க்கலைன்னா போயிரலாம்."

தினமும் சாயந்திரம் வண்டியில் டிரம்மை ஏற்றிக்கொண்டு குடும்பமே கிளம்பியது. மொட்டைக் குச்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு குவளை தண்ணீர்.

"செத்ததுக்கு வைத்தியமா?" என்று கேலி செய்தாள் க்ளெண்டா.

"மேலதான்க்கா மேஞ்சிருக்கு. வேர் அப்படியே இருக்கு."

ஏழாவது வாரம் ஒரு குச்சியின் அடியில் ஊசிமுனை அளவு சிவப்புத் துளிர். மறுநாள் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் வெட்கப்பட்டு ஆளுக்கொரு வாளியைத் தூக்கினார்கள்.

மூன்று வருஷம் கழித்து அதே மேட்டில் விழா. தலைக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன மரங்கள். காற்று வீசுகிறது, ஒரு பொட்டு மணல் பறக்கவில்லை! பிழைத்தெழுந்த ப்ரூஸ் நிழலில் நின்று எல்லாருக்கும் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தான்.

க்ளெண்டா ரொவீனாவின் தோளில் கைபோட்டாள்.

"அந்தத் தப்பை நான் என்னைக்கோ மன்னிச்சுட்டேன்டி. ஆனாலும் கேக்கறேன், கேட்டை மூட எப்படி மறந்தே?"

ரொவீனா சிரித்து மழுப்பினாள். அர்னெலுக்குப் பொறுக்கவில்லை.

"அவ மறக்கலக்கா. நாங்க கிளம்பி வந்தப்ப கேட் தொறந்துதான் கிடந்துச்சு. தொறந்திருந்தா தொறந்தபடி விடுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஆ...!"

கிள்ளு விழுந்துவிட்டது.

"உங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி போனது நான் ஒருத்திதானே..." க்ளெண்டாவின் கை தோளிலிருந்து நழுவியது. "ப்ரூஸுக்கு வலின்னு போன் வந்து ஓடினேன்... அட கடவுளே! ஏன்டி சொல்லல?"

"அண்ணன் பொழைப்பாரான்னே தெரியாம நின்னீங்க. அந்த நேரத்துல கேட்டைப் பத்திப் பேசறதாக்கா?"

க்ளெண்டா நேராக மேடைக்குப் போனாள். பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் குரல் மேட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

"கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போன புண்ணியவதி நான்தான்!"