சத்தமில்லாத மோட்டார் சைக்கிள்

"உம்மடை அவர் தங்கமான மனுசன், திரவியம்" என்றாள் பக்கத்து வீட்டுக் கிறேசம்மா, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து.

"என்னக்கா?"

"அவற்றை அந்த மோட்டார் சைக்கிளின்ரை கிளச் கடகடப்பிலை என்ரை குழந்தை திடுக்கிட்டு எழும்புது எண்டு சொன்னனான். காலமை திருத்திப்போட்டார். இனி ஊர்காவற்றுறைச் சந்தியிலேயே எஞ்சினை நிப்பாட்டி, உருட்டிக்கொண்டு வாறாராம்."

திரவியம் வேலியண்டை நெருங்கி வந்தாள்.

"ஏனக்கா அவரிட்டைச் சொன்னனீங்கள்?"

"உமக்கும் நிம்மதிதானே?"

சந்தியில் அந்தக் கடகடப்புக் கேட்டதும் பிள்ளைகளைப் பின்வளவுக்குள் ஒளித்துவிட்டு, புருசன் அடிக்கிற அடிகளையெல்லாம் தான் ஒருத்தியே வாங்கிக்கொள்வதுதான் அவளுடைய வழக்கம்.

அவள் பதறித் திரும்பினாள். வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது.

வீட்டுக்குள் பிள்ளைகளின் சிரிப்புச் சட்டென்று அடங்கியது.