இரண்டாவது தொட்டி

"துரைதான் முதல்ல கடிச்சான்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி.

மீன் தொட்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த 'அவர்' மூன்றடி தள்ளி சோபாவில்தான் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தங்கம் வம்புக்குப் போகாம துரை ஏன் கடிக்கப்போறான்னு கேளுங்க" என்றார் கணவர்.

நமக்கெதுக்கு வம்பு என்று தொட்டிக்காரர் தொட்டிக்குள் பார்த்தார். இரண்டு ஆஸ்கார் மீன்கள், ஒவ்வொன்றும் ஒன்றரைச் சாண் நீளம். கறுப்பு துரை, கணவரின் செல்லம். ஆரஞ்சு தங்கம், மனைவியின் செல்லம். தங்கத்தின் வால் கிழிந்திருந்தது. துரையின் உதட்டில் காயம்.

"ஏழு வருஷமா ஒண்ணா இருந்ததுங்களாச்சே. நடுவுல ஒரு பெரிய கல்லு இருக்குமே, எங்க?"

"பாசி பிடிச்சிருந்துது, போன மாசம் எடுத்துட்டேன்" என்றார் கணவர்.

"யாரைக் கேட்டு எடுத்தார்னு கேளுங்க."

"அந்தக் கல்லுதாம்மா இதுங்களுக்கு எல்லைச் சுவர். அது போனதும், மொத்தத் தொட்டியும் எனக்குத்தான்னு ரெண்டும் மல்லுக்கு நிக்குது. கல்லைத் திரும்ப வெச்சாலே பாதிச் சண்டை..."

"அதெல்லாம் வேண்டாம்" என்று கணவர் குறுக்கிட்டார். "நாங்க பிரியறோம். வக்கீல்கிட்ட பேசியாச்சு. தனியா ஒரு தொட்டி போட்டுக் குடுங்க, அவங்க தங்கத்தை எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

"தொட்டி ரெடியான அன்னிக்கே கிளம்பிடுவேன்னு சொல்லுங்க. தங்கத்தை இவர்கிட்ட விட்டுட்டு மட்டும் ஒரு நாள்கூட நகர மாட்டேன்."

பேச்சு நிஜம்தான். கூடத்து ஓரத்தில் அவளுடைய நான்கு பெட்டிகள் கட்டிப் பூட்டித் தயாராக இருந்தன. தொட்டிக்காரருக்கு மனசு கேட்கவில்லை. முதல் தடவை அவர் வந்தபோது இருவரும் தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மீனுக்குப் பேர் வைக்க அடித்துக்கொண்டு சிரித்தவர்கள். இருந்தாலும் வந்த வேலையைப் பார்க்க வேண்டுமே. அளவு நாடாவை எடுத்தார்.

"ஒரு வாரம் போதும். பழைய ஃபில்டர் பஞ்சுல பாதியைப் புதுத் தொட்டியில போட்டா, தண்ணி சீக்கிரம் பக்குவமாயிடும்."

"சந்தோஷம்" என்றார் கணவர். "ரொம்ப சந்தோஷம்" என்றாள் மனைவி. இரண்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

தொட்டிக்காரர் கை கழுவச் சமையலறைக்குப் போனார். துண்டு கொடுக்க அவளும் பின்னாலேயே போனாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவர் பேச்சை மாற்றிவிட்டார்.

"சார், மூணு மாசம் ஆகும்."

"இப்பதானே ஒரு வாரம்னீங்க?"

"தங்கத்தோட வாலை முதல்ல நான் சரியாக் கவனிக்கல. அது ஆறாம புதுத் தண்ணியில விட்டா தாங்காது. அதுவரைக்கும் கல்லைப் பழைய இடத்துலயே வைங்க. ஆனா ஒருத்தராத் தூக்காதீங்க, கண்ணாடி போயிடும். ரெண்டு பேரும் சேர்ந்து பிடிக்கணும். தீனியை ரெண்டு மூலையிலயும் ஒரே நேரத்துல போடணும், அப்பதான் ஒண்ணை ஒண்ணு துரத்தாது."

"ஒரே நேரம்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணிப் போடுங்க."

"யார் எண்ணறது?"

"யாராவது ஒருத்தர் வாயைத் திறந்துதானே சார் ஆகணும்."

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். "நல்லாத் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்கப்பா" என்று கணவர் முணுமுணுத்தார். தொட்டிக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு மாடி இறங்கி வண்டியில் சாவியைப் போடும்போது பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. கணவர்தான். அவசரத்தில் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க. மூணு மாசம்னா, கண்டிப்பா மூணு மாசம்தானா?"

"ஏன் சார், சீக்கிரம் வேணுமா?"

கணவர் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரமா? அவ இல்லாம எனக்கு அந்த வீட்ல இருக்கவே தெரியாதுங்க. அதை அவகிட்ட சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது. வால் ஆறல, தண்ணி சரியில்லன்னு ஏதாவது சொல்லி, ஆறு மாசம் ஆக்க முடியுமா?"

தொட்டிக்காரர் போட்ட சாவியைத் திரும்ப வெளியே எடுத்தார்.

"சமையலறையில அம்மா அழுதுக்கிட்டே ஒரு வருஷம் கேட்டாங்க சார். அவ்வளவு பெரிய பொய் சொல்ல பயமா இருந்துச்சு, நான்தான் மூணு மாசம்னு குறைச்சேன்."